அடைப்புக்குறிக்குள் ஒரு தாலுகா

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் யார் யார் என்று வரையறுக்கும் சட்டப் பட்டியலில் 'காணிக்காரர்' என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும், திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களிலும் வாழ்பவர்கள் மட்டுமே அந்தப் பெயரில் பட்டியலுக்குள் வருவார்கள் என்கிறது அது. மேல்பார்வைக்கு எந்த வியப்பும் இல்லாத வரி. ஆனால் இந்த மலைகளை அறிந்தவருக்கு அதில் ஒரு முள் தட்டுப்படும்.

காணிக்காரர் எனப்படும் காணி மக்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை மலைகளில் வாழ்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, அம்பாசமுத்திரம் வட்டத்துக் காட்டில், சேர்வலாறு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகத்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் காணி என்றதும் ஊர்க்காரர் சொல்லும் பெயர்கள் இவைதாம். அப்படியிருக்க, அம்பாசமுத்திரத்துக்கு முன்னதாகச் செங்கோட்டை ஏன் நிற்கிறது? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மலையில் வாழும் ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தாலுகா எல்லை எதற்கு?

இந்தக் கேள்வியைத் தொடர நான் இலத்தூரைத் தங்குமிடமாகக் கொண்டேன். இலத்தூர் இன்று செங்கோட்டை வட்டத்தில், அந்த அடைப்புக்குறியின் உள்ளே இருக்கும் ஊர். மதுரைப் பக்கமிருந்து குற்றாலத்துக்கு வரும் வண்டிகள் இலத்தூர் விலக்கைக் கண்டதும் மலை நெருங்கிவிட்டது என்று அறியும். மேற்கே பார்த்தால் வானத்தின் பாதியை மலைச்சுவர் அடைத்து நிற்கும். ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் அந்தச் சுவரே மறைந்துவிடும். குளிக்க வருபவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். அருவிக்கு மேலே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள், வாழ்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் அறியாமலே திரும்புகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தேடல்.

பட்டியலில் கிடைத்த முதல் தடயம்

விடை தேடி முதலில் போனது வேறெங்கும் அல்ல. அதே பட்டியலின் மற்ற வரிகளுக்குத்தான். நீலகிரியின் தோடர்களுக்கும் கோத்தர்களுக்கும் அங்கே ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. 'கன்னியாகுமரி மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டமும் நீங்கலாக' என்று அது சொல்கிறது. தோடர்கள் உதகையைச் சுற்றி வாழ்பவர்கள். அவர்களைச் செங்கோட்டையில் சேர்க்கக் கூடாது என்று யாரும் அஞ்ச வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் சட்டம் அக்கறையோடு விலக்கிவைக்கிறது.

ஆக, அதே இரண்டு இடப்பெயர்கள் ஓரிடத்தில் சேர்க்கவும் வேறிடங்களில் நீக்கவும் பயன்படுகின்றன. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே திருநெல்வேலிச் சீமை கிடக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் சென்னை மாநிலத்தில் இல்லை. மாநிலச் சீரமைப்புச் சட்டப்படி தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. கொல்லம் மாவட்டத்திலிருந்து செங்கோட்டை வட்டம் பிரிந்து திருநெல்வேலியோடு சேர்ந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பது மலையின் எல்லை அல்ல, பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லை. தோடர்களுக்குப் பக்கத்தில் இருப்பது அதே எல்லையின் மறுபக்கம்.

இன்னொரு சான்றும் அந்தப் பட்டியலிலேயே கிடைத்தது. தென்காசி மாவட்டத்தின் வடக்கு மலையடிவாரங்களில், வாசுதேவநல்லூர்த் தலையணை போன்ற இடங்களில், பளியர் வாழ்கிறார்கள். தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்தவர்கள். சண்டையைத் தவிர்ப்பதும், யாரும் யாருக்கும் மேலில்லை என்று நடப்பதும் அவர்கள் வாழ்வின் அடிப்படை. 1960களின் தொடக்கத்தில் அவர்களிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் உலகுக்கு எடுத்துச் சொன்ன செய்தி இது. அந்தப் பளியரின் பெயர் சட்டப் பட்டியலில் மூன்று தனித்தனி எண்களில் வருகிறது. ஓரிரு எழுத்துகள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். முதுவர் பெயரும் இப்படியே இரண்டு எண்களில் வருகிறது.

இரண்டு வேறு அலுவலகங்கள் தனித்தனியே எழுதிய பட்டியல்களை ஒன்றாக ஒட்டினால் மட்டுமே இப்படி நேரும். இரண்டிலும் பெயர் இருந்த பளியர் மூன்று முறை எண்ணப்பட்டார்கள். ஒன்றில் மட்டும் பெயர் இருந்த காணிக்காரர் பாதிதான் எண்ணப்பட்டார்கள்.

ஒட்டிய இடம்

ஒட்டிய தழும்பைத் தேடிப் பின்னோக்கிப் போனால் ஆவணங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. 1950 செப்டம்பர் 6 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் பழங்குடியினர் ஆணை, மாநிலம் மாநிலமாகப் பெயர்களைத் தந்தது. அப்போது திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஓராண்டு கடந்திருந்தது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் பெயர்களில் காணிக்காரர் இருந்தார்கள். சென்னை மாநிலத்தின் பெயர்களில் இல்லை. பாபநாசம் மலை சென்னை மாநிலத்தில் இருந்தது.

1956இல் எல்லைகள் மாறியபோது, அக்டோபர் 29 தேதியிட்ட திருத்த ஆணை பழைய பட்டியல்களைப் புதிய மாநிலங்களுக்கு ஏற்ப அடுக்கியது. புதிதாக வந்த பகுதிகளின் மக்கள் ஏற்கெனவே பெற்றிருந்த உரிமையை இழந்துவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் தனித் தலைப்பு கொடுத்து, திருவிதாங்கூர்ப் பக்கத்துப் பழங்குடிப் பெயர்களை அதன்கீழ் வைத்தார்கள். காணிக்காரர் பெயர் அந்த வழியில் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குள் நுழைந்தது. செங்கோட்டையில் எத்தனை காணிக் குடும்பங்கள் இருந்தன என்று யாரும் எண்ணி அந்த ஊரை எழுதவில்லை. திருவிதாங்கூரிலிருந்து வந்த நிலம் என்பதற்காக எழுதினார்கள்.

1976இல் பாராளுமன்றம் ஒரு பெரிய திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரே மாநிலத்துக்குள் ஓர் ஊரில் பழங்குடியாகவும் அடுத்த ஊரில் அப்படி இல்லாமலும் இருக்கும் நிலையை முடிந்தவரை களைவது அதன் நோக்கம். அதன்பின் பல பெயர்களிலிருந்து இடக்கட்டுப்பாடு நீங்கியது. காணிக்காரர் பெயரில் நீங்கவில்லை. 'கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும்' என்பது அப்படியே தொடர்ந்தது.

2003ஆம் ஆண்டின் 10ஆம் எண் சட்டத்தில்தான் 'அம்பாசமுத்திரம்' என்ற சொல் வந்து சேர்ந்தது. 1950இலிருந்து கணக்கிட்டால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல். இந்தியா தன் பழங்குடி மக்களைச் சட்டப்படி அறிந்துகொண்ட நாளிலிருந்து அரை நூற்றாண்டுக் காலம், பாபநாசத்துக்கு மேலே வாழ்ந்த காணி மக்கள் சட்டத்தின் கண்ணில் பழங்குடியினர் அல்லர். மலையின் மேற்குச் சரிவில், கேரளத்தில் இருந்த அவர்களுடைய உறவினர் பழங்குடியினர். தெற்கே பேச்சிப்பாறையில் இருந்தவர்களும் பழங்குடியினர்.

ஒரு மாவட்ட ஆட்சியர் நல்ல மனத்தோடு இதைச் சரிசெய்திருக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். முடியாது. அரசியலமைப்பின் 342ஆம் பிரிவுப்படி, ஒரு முறை அறிவித்த பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பாராளுமன்றத்தால் மட்டுமே இயலும். பட்டியலில் உள்ளதை உள்ளபடிதான் படிக்க வேண்டும், அதற்குள் எதையும் புகுத்திப் படிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2000ஆம் ஆண்டு மிலிந்த் வழக்கில் உறுதியாகச் சொன்னது. ஒரு வட்டத்தின் பெயரைச் சேர்க்க நாட்டின் மிக உயர்ந்த மன்றம் கூடி ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

மேற்கே ஏன் அறிந்தார்கள்?

சட்டத்தின் கதை இங்கே முடிகிறது. ஆனால் தேடலின் பெரிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே மலையின் மேற்குப் பக்கத்து அரசு இவர்களைப் பட்டியலில் எழுதியிருந்தது. கிழக்குப் பக்கத்து அரசு எழுதவில்லை. இது ஏன்?

மேற்குப் பக்கத்து நூல்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. லெப்டினன்ட்கள் வார்டும் கானரும் 1816இலிருந்து 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து எழுதிய நில அளவை நினைவேடு, லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1883இல் வெளியிட்ட திருவிதாங்கூர் மக்கள் வாழ்க்கை பற்றிய நூல், நாகமையா 1906இல் தொகுத்த திருவிதாங்கூர் மானுவல், 1937இல் எல். ஏ. கிருஷ்ண ஐயர் வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகளும் சாதிகளும் பற்றிய முதல் தொகுதி என்று அவை நீள்கின்றன. கிருஷ்ண ஐயர் அந்தச் சமஸ்தானத்தின் வனத்துறை அதிகாரி. காட்டை நிர்வகித்த கையே காட்டு மக்களைப் பற்றியும் எழுதியது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட ஏழு தொகுதிகள் சென்னை அருங்காட்சியகத்தின் பணி. அதாவது கிழக்குப் பக்கத்துக்குச் சொந்தமான நூல். அதன் மூன்றாம் தொகுதியில் காணிக்காரர் பற்றிய கட்டுரை நீளமானது. அதன் தொடக்கமே இவர்களைத் தென்திருவிதாங்கூர் மலைகளில் வாழும் காட்டுக்குடி என்று அறிமுகப்படுத்துகிறது. சென்னையில் இருந்து எழுதியவருக்கும் இவர்கள் மலைக்கு அந்தப் பக்கத்தவர்கள்.

திருவிதாங்கூர் இவர்களை அறிந்ததற்கு ஒரு பழைய உறவு காரணம். காணி மக்கள் ஆண்டுதோறும் தேன், வாழைக்குலை, மூங்கில், காட்டுப் பொருள்கள் ஏந்தித் திருவனந்தபுரம் அரண்மனைக்குச் சென்று அரசரைக் காண்பது வழக்கம். மார்த்தாண்டவர்மா எதிரிகளிடமிருந்து தப்பி ஒளிந்து திரிந்த காலத்தில் காணி மக்கள் அவரைக் காத்தார்கள் என்றும், அந்த நன்றியின் தொடர்ச்சியே இது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரசாட்சி போன பின்பும் ஓணத்தை ஒட்டிக் கௌடியார் அரண்மனைக்கு அவர்கள் காணிக்கையோடு போய்வருகிறார்கள். இந்த உறவுக்கு அன்பு என்ற முகமும் உண்டு, கடமை என்ற முகமும் உண்டு. காட்டுப் பொருள்களைத் திரட்டித் தரும் பொறுப்பு சமஸ்தானக் காலத்தில் இவர்கள் தோளில் இருந்தது. யாரிடமிருந்து தேன் வர வேண்டுமோ அவர்களை அரண்மனைக் கணக்கு எழுதிவைத்தது.

கிழக்குப் பக்கத்துக் கணக்குகள் வேறு திசையில் பார்த்தன. செங்கோட்டை திருவிதாங்கூரிடம் நின்றது. களக்காட்டுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் நீண்ட இழுபறி நடந்து அது ஆற்காட்டு நவாபின் பக்கம் போனது. 1801இல் நவாபின் சீமை முழுதும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. தாமிரபரணியின் நீர், வயல், தீர்வை, பாளையக்காரர் போர் ஆகியவை கம்பெனியின் தாள்களை நிரப்பின. கால்டுவெல் பாதிரியார் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் அரசர்களையும் பாளையக்காரர்களையும் போர்களையும் சொல்லும் நூல். குற்றாலம் கம்பெனியாருக்குச் சாதிக்காய், கிராம்பு, இலவங்கம் வளர்த்துப் பார்க்கும் வாசனைப் பயிர்த் தோட்டமாகவும் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாகவும் பயன்பட்டது. பாபநாசத்தில் 1880களில் ஆற்று நீரின் விசையால் நூற்பாலை ஓடியது. 1940களில் அணையும் மின்சாரமும் வந்தன. மலை அவர்களுக்குத் தண்ணீரும் விசையும் தந்தது. அதற்கு மேலே இருந்தவர்களிடம் அவர்கள் வாங்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இந்தத் தேடலில் நான் கற்றதில் தலையாயது இதுதான். ஆவணத்தில் ஒரு மக்கள் இல்லை என்றால், ஆவணம் எழுதியவருக்கு அவர்களிடம் வேலை இல்லை என்று மட்டுமே பொருள். அவர்கள் அந்த இடத்தில் இல்லை என்று ஆகாது. இதை மறந்த ஒரு பட்டியல் ஐம்பது ஆண்டுகள் ஒரு தலைமுறையின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் வேலையிலும் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை மறுத்தது.

பாட்டில் புகுந்த மலை

தமிழ் இலக்கியம் இந்த மலையை மறக்கவில்லை. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், மலையைத் தன் வீடாகப் பாடி வருபவள் ஒரு குறத்தி. மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் மகிழ்ந்து கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அந்த நூலைத் தம் நண்பர்கள் வட்டத்தில் பாடிப் பாடிப் புது வாழ்வு தந்தார். மலைமகளின் அழகைத் தமிழ் நெஞ்சம் எவ்வளவு ஆசையோடு ஏற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த ஆசையில் ஒரு பங்கு, மலையில் மெய்யாகவே வாழ்ந்தவர்களின் பாட்டுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

இலத்தூர்க் கோயில் கதையிலும் மலை இருக்கிறது. இங்குள்ள சிவனுக்கு மதுநாதர் என்று பெயர். அகத்தியர் மணலால் இலிங்கம் பிடித்து வழிபட்டபோது புளியமரத்துத் தேன் அதன்மேல் சொரிந்தது என்பது தலத்துக் கதை. அகத்தியர் வாழ்வதாக நம்பப்படும் பொதிகை, 1,868 மீட்டர் உயர்ந்த அந்தச் சிகரம், காணி மக்களின் மலை. அகத்தியரைத் தங்கள் குலகுருவாக அவர்கள் வணங்குகிறார்கள். சமவெளியின் தெய்வத்துக்குத் தேன் சொரியும் கதையையும், மலையிலிருந்து அரசருக்குத் தேன் சுமந்து போன மக்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, நாம் மலையிடமிருந்து பெற்றது எவ்வளவு, தந்தவர்களுக்குத் திருப்பித் தந்தது எவ்வளவு என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

காணி வாழ்வு

காணிக் குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. முடிவுகள் அவர் முன் கூடிப் பேசி எடுக்கப்படும். அவருக்குத் துணையாக, ஆட்களை அழைத்துச் செய்தி சொல்லும் விளிக்காணி. நோய்க்கும் தெய்வ காரியத்துக்கும் பொறுப்பானவர் பிலாத்தி. குடும்பங்கள் இல்லங்களாகப் பிரிந்திருக்கும். அண்ணன் தம்பி முறையான இல்லங்களுக்குள் பெண் எடுப்பதில்லை; மச்சம்பி முறையான இல்லத்தில்தான் மணம். தாய்வழி உரிமை வலுவாக இருந்த சமூகம் இது.

மூங்கிலும் ஈற்றையும் கொண்டு வீடு கட்டுவார்கள். யானை நடமாடும் இடத்தில் மரத்தின் மேல் ஏறுமாடம் அமைப்பார்கள். மரவள்ளி, மிளகு, வாழை பயிரிடுவார்கள். தேனும் கிழங்கும் காட்டிலிருந்து வரும். அவர்கள் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவில் தனக்கென்று ஒரு நடையோடு இருக்கிறது. மலையின் இரு சரிவிலும் இருந்து பழகியவர்களின் பேச்சு வேறு எப்படி இருக்கும்?

இந்தப் பண்பாட்டின் உச்சம் சாற்றுப் பாட்டு. ஒருவருக்கு நோய் வந்தாலோ, குடிக்குக் கேடு வந்ததாகத் தோன்றினாலோ பிலாத்தி இரவில் அமர்ந்து சாற்றுப் பாடுவார். கையில் கொக்கரை. இரும்புத் தகட்டைக் குழலாக உருட்டி, விளிம்பில் பல் வெட்டி, இரும்புக் கம்பியால் அந்தப் பற்களை உரசி ஒலி எழுப்பும் கருவி அது. தோலும் இல்லை, நரம்பும் இல்லை. கரகரவென்று எழும் அந்த ஒற்றை ஒலியின்மேல் ஏறிப் பாட்டு மணிக்கணக்கில் நடக்கும். மலைகளையும் தெய்வங்களையும் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டு. தர்ஸ்டன் காலத்திலேயே பதிவான கருவி. எழுத்தை நாடாத ஒரு மக்கள் தங்கள் மலையின் நினைவைத் தலைமுறை தாண்டிக் கொண்டுசெல்லும் வழி இது. நான் ஆவணக் கட்டுகளில் தேடியதைவிட மூத்த ஆவணம் பிலாத்தியின் நினைவில் இருக்கிறது.

இதைக் கேட்கவும் காணவும் ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு வரும் கூட்டம் காணி மக்களின் வாழிடத்தின் ஊடாகத்தான் வருகிறது. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகள் அதன் உட்காட்டில் இருக்கின்றன. அங்கே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அதற்கும் மேலாக அம்மக்களின் அழைப்பு வேண்டும். சாற்று ஒரு வழிபாடு. சுற்றுலாவுக்கு வந்தவர் கேட்டுக்கொண்டதற்காகப் பாட வைப்பது அதன் பொருளைக் கெடுக்கும். அவர்கள் விற்கும் மிளகையும் தேனையும் வாங்குவதும், சொல்ல விரும்பியதைப் பொறுமையோடு கேட்பதும் விருந்தினருக்கு அழகு.

கோடு மீண்டும் குறுக்கே வந்தது

பழைய எல்லைக்கோட்டின் வேலை சட்டப் பட்டியலோடு நிற்கவில்லை. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலையில் ஆய்வுக்குச் சென்ற தாவரவியலாளர்கள் நடந்து களைத்தபோது, வழிகாட்டிய காணி மக்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்று சோர்வில்லாமல் நடப்பதைக் கண்டார்கள். அது ஆரோக்கியபச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு உரிமம் தந்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. 1997இல் அதற்காக அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்கு உரிய பங்கைக் கொடுத்த முன்னோடி ஏற்பாடுகளில் ஒன்று என்று உலகம் இதைப் பாராட்டுகிறது, பாராட்டுக்குத் தகுந்ததுதான்.

அந்த அறக்கட்டளையின் பெயர் 'கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை'. செடியை அறிந்த மக்கள் மலையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். பங்கு மேற்குப் பக்கத்தவர்களுக்கு மட்டும். அரண்மனைக் கணக்கில் தொடங்கிய கோடு, 1950இன் ஆணையில் நகர்ந்து, நம் காலத்து அறிவியல் ஒப்பந்தம் வரை வந்து நிற்கிறது.

அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் கேரளப் பகுதியில் தொடங்கி, பின்பு தமிழ்நாட்டுப் பகுதியையும் சேர்த்துக்கொண்டது. 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்றது. சோலைக்காட்டுக்கும் சிங்கவால் குரங்குக்கும் மலை ஒன்றே என்று அரசுகள் ஒப்புக்கொண்டுவிட்டன. அங்கே வாழும் மனிதர்களுக்கும் அது ஒன்றே என்று ஒப்புக்கொள்வதில் என்ன தடை?

அடைப்புக்குறியில் 'அம்பாசமுத்திரம்' சேர்ந்தது காலம் தாழ்ந்த நீதி. ஆனாலும் சிறிய நீதி அல்ல. 2006இன் வன உரிமைச் சட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் குடியிருந்ததைக் காட்டினால் உரிமை கோரலாம். பட்டியலில் இல்லாத மற்ற வனவாசிகளோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். 2003இன் திருத்தம் வராமல் இருந்திருந்தால், ஆவணங்கள் தங்களை எழுதாமல் விட்ட அதே மக்களிடம் 75 ஆண்டு ஆவணம் கேட்கும் நிலை வந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

2019 நவம்பர் 22 முதல் செங்கோட்டை வட்டம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. சட்டப் பட்டியலில் அது இன்னும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டைதான். எல்லைகள் இனியும் மாறும்; வட்டங்கள் பிரியும், சேரும். ஒவ்வொரு முறையும் மலைமக்கள் தாங்கள் யார் என்று புதிதாக நிறுவிக்கொண்டிருக்க முடியாது. காணிக்காரர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அடைப்புக்குறியை முழுதாக எடுத்துவிட்டு, தமிழ்நாடு முழுவதற்கும் அந்தப் பெயரைப் பொதுவாக்குவதே முறை.

ஆவணங்களிலும் ஒரு வேலை காத்திருக்கிறது. காணி மக்களைப் பற்றிய தாள்கள் திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகத்திலும், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், வனத்துறை அலுவலகங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. செங்கோட்டையின் அலுவலகம் ஒரு காலத்தில் மேற்கு நோக்கித்தான் இயங்கியது; செங்கோட்டை வாஞ்சிநாதன்கூட வேலை பார்த்தது திருவிதாங்கூர் வனத்துறையில். குற்றாலத்தில் திருவிதாங்கூர் அரசர்கள் தங்கிய மாளிகை இன்றும் கேரள அரசின் உடைமை. ஒரு கட்டடத்தின் உரிமையை இத்தனை ஆண்டுகள் கவனமாகக் காக்க இரு மாநிலங்களுக்கும் முடிகிறதென்றால், ஒரு மக்களின் வரலாற்றுக்குப் பொதுவான ஆவணப் பட்டியல் ஒன்றைத் தொகுக்கவும் முடியும். அதன் படிகள் ஆய்வாளர் மேசையில் மட்டும் இல்லாமல் சேர்வலாற்றிலும் மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் இருக்க வேண்டும்.

சாற்றுப் பாட்டைப் பதிவு செய்யும் கருவி காணி இளைஞர்களின் கையில் இருக்கட்டும். எதைப் பதிவு செய்யலாம், எதைப் பொதுவில் வைக்கலாம், எது குடிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை மூட்டுக்காணியும் பிலாத்தியும் கூடி முடிவு செய்யட்டும். இதுவரை மற்றவர்கள் எழுதிய தாள்களே இவர்கள் யார் என்று சொல்லிவந்தன. அடுத்த பட்டியலை யாராவது தொகுக்க உட்காரும்போது, அவர் மேசைமேல் காணி மக்களே தொகுத்த ஆவணமும் இருக்க வேண்டும்.